காகிதத்தில் கூலி வேண்டாம், கையில் கூலி கொடுப்போம்

அமெரிக்காவில் குடியேறியுள்ள நம் தமிழ் முஸ்லிம் குடும்பங்களில், தம் வீட்டையே குழந்தைக் காப்பகமாக நடத்திப் பொருளீட்டும் சகோதரிகள் பலர் உள்ளனர். தம் பிள்ளைகளைப் பிரியாமல், வீட்டை விட்டு அகலாமல், தொழுகை நேரங்களைத் தவறவிடாமல் செய்யக்கூடிய தொழில் இது. வேலைக்குச் செல்லும் பெற்றோருக்கும் தம் மழலைகள் ஹலாலான உணவு உண்டு, ஸலாம் சொல்லிப் பழகும் வீட்டில் வளர்கிறார்கள் என்ற நிம்மதி கிடைக்கிறது. இத்தொழிலின் சிறப்பைப் பற்றி நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் ஆண்டுதோறும் வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் காலம் வந்துவிட்டால், இரண்டு தவறான ஆலோசனைகள் வீட்டுக்கு வீடு பரவத் தொடங்குகின்றன.

முதலாவது, "எதற்கு வம்பு? ரொக்கமாக வாங்கிக்கொள், எதையும் எழுதாதே" என்பது. இரண்டாவது, "பிள்ளைகள் பெயரில் சம்பளம் எழுதிவிடு, வரியே வராது" என்பது. முன்னது வருமானத்தை மறைக்கச் சொல்கிறது. பின்னது நடக்காத உழைப்பை நடந்ததாக எழுதச் சொல்கிறது. இரண்டையும் விலக்கிவிட்டு, சட்டம் உண்மையிலேயே அளித்திருக்கும் சலுகைகளை அச்சமின்றி முழுமையாகப் பெறுவதும், குடும்பத்தார் உழைத்தால் அவர்களுக்கு மெய்யாகவே கூலி கொடுப்பதும்தான் நமக்கு உகந்த வழி என்பது நமது கருத்து.

எழுதாமல் விடுவதால் இழப்பவை

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ளுமாறு அல்லாஹ் கட்டளையிடும் வசனமே திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282). எழுதுபவர் எப்படி எழுத வேண்டும், யார் சொல்லி எழுத வைக்க வேண்டும், சாட்சிகள் யார் என்பவையெல்லாம் அதில் விரிவாக இடம்பெறுகின்றன. தொகை சிறிதாயினும் பெரிதாயினும் எழுதுவதில் சோர்வடைய வேண்டாம் என்ற அறிவுரையும் அதிலேயே உள்ளது. அந்த வேதத்தை ஓதும் நாம், வரவையும் செலவையும் எழுதாமல் விடுவதைப் பெருமையாகக் கருத இயலாது.

எழுதாமை மார்க்கத்துக்கு முரணானது என்பதோடு, நடைமுறையிலும் நமக்கே நட்டமாகிறது. வேலைக்குச் செல்லும் பெற்றோர், குழந்தைப் பராமரிப்புச் செலவுக்காகத் தம் வரியில் சலுகை கோரும் உரிமை உடையவர்கள். ஒரு குழந்தைக்கு 3,000 டாலர் வரையிலும், இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு 6,000 டாலர் வரையிலும் அச்செலவு கணக்கில் கொள்ளப்படுகிறது. அதைக் கோருவதற்குப் படிவம் 2441இல் காப்பகம் நடத்துபவரின் பெயரையும் அடையாள எண்ணையும் எழுதியாக வேண்டும். நாம் வருமானத்தை மறைத்தால், ஒன்று அவர்கள் தம் உரிமையை இழப்பார்கள். அல்லது அவர்கள் எழுதும் எண்ணே நம் மறைப்பை வெளிப்படுத்திவிடும். நம்மை நம்பிக் குழந்தையை ஒப்படைத்தவரின் உரிமையைப் பறித்து நாம் வரி மிச்சப்படுத்துவதை அமானத்தைப் பேணுதல் என்று சொல்ல முடியுமா?

கொரோனா காலத்தை நினைவுகூர்வோம். 2020இல் சுயதொழில் செய்வோருக்கு அரசு வழங்கிய ஊதியப் பாதுகாப்புக் கடன், அவர்கள் வரிக் கணக்கில் காட்டியிருந்த வருமானத்தை வைத்தே கணக்கிடப்பட்டது. கணக்குக் காட்டியவர்கள் பெற்றார்கள். காட்டாதவர்களுக்குக் கேட்பதற்கே ஆதாரம் இருக்கவில்லை.

வீடு தரும் உரிமை

வணிகத்துக்கென வீட்டின் ஒரு பகுதியைப் பயன்படுத்துவோர், அப்பகுதியை வேறெதற்கும் பயன்படுத்தக் கூடாது என்பதே அமெரிக்க வரிச் சட்டத்தின் பொது விதி. ஆனால் குழந்தைக் காப்பகத்துக்கு அவ்விதியிலிருந்து விலக்கு உண்டு. பகலில் குழந்தைகள் விளையாடும் கூடத்திலேயே இரவில் நம் குடும்பம் அமர்ந்து உண்ணலாம். அப்படியிருந்தும் அதன் செலவில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்ளலாம். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. மாநில அரசின் உரிமம் பெற்றிருக்க வேண்டும், அல்லது விண்ணப்பித்திருக்க வேண்டும், அல்லது அம்மாநிலச் சட்டப்படி உரிமம் தேவைப்படாத நிலையில் இருக்க வேண்டும். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டாலோ உரிமம் பறிக்கப்பட்டாலோ இச்சலுகை இல்லை.

கணக்கிடும் முறை எளிது. இடத்தின் பங்கை நேரத்தின் பங்கால் பெருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 1,800 சதுர அடி கொண்ட வாடகை வீட்டில் 1,260 சதுர அடி குழந்தைகளுக்காக வழக்கமாகப் பயன்படுகிறது எனில், இடத்தின் பங்கு 70 விழுக்காடு. நாளொன்றுக்கு 11 மணி நேரம், வாரத்துக்கு 5 நாள், ஆண்டுக்கு 50 வாரம் என்றால் 2,750 மணி நேரம். ஓர் ஆண்டின் மொத்த நேரம் 8,760 மணி. ஆக, நேரத்தின் பங்கு ஏறத்தாழ 31.4 விழுக்காடு. இரண்டையும் பெருக்கினால் கிடைப்பது ஏறக்குறைய 22 விழுக்காடு. வாடகை, மின்சாரம், தண்ணீர், வீட்டுக் காப்பீடு ஆகியவை சேர்ந்து ஆண்டுக்கு 30,000 டாலர் ஆகிறதென்றால், அதில் சுமார் 6,600 டாலர் தொழிற்செலவாகிறது. 15.3 விழுக்காடு சுயதொழில் வரியும், 12 விழுக்காட்டுப் படியில் வருமான வரியும் செலுத்தும் குடும்பத்துக்கு இது ஏறத்தாழ 1,500 டாலர் மிச்சம்.

குழந்தைகள் வருவதற்கு முன் அறையை ஆயத்தம் செய்யும் நேரமும், அவர்கள் சென்றபின் துப்புரவு செய்யும் நேரமும்கூட இக்கணக்கில் சேரும். அந்நேரங்களை நம் சகோதரிகள் பலர் எழுதி வைப்பதில்லை. ஃபஜ்ருத் தொழுகைக்குப் பின் சமையலறையில் தொடங்கும் உழைப்பை அவர்களே உழைப்பாக மதிக்காததுதான் இதற்குக் காரணம். ஒரு நாட்குறிப்பில் தொடங்கிய நேரத்தையும் முடித்த நேரத்தையும் நாள்தோறும் குறித்தால் போதும்.

உணவுச் செலவும் அவ்வாறே. ஒவ்வொரு குழந்தைக்கும் நாளொன்றுக்கு ஒரு காலை உணவு, ஒரு மதிய உணவு, ஓர் இரவு உணவு, மூன்று சிற்றுண்டி வரை, அரசு நிர்ணயித்த விகிதப்படி கழித்துக்கொள்ளலாம். இம்முறையில் மளிகைக் கடை ரசீதுகள் தேவையில்லை; எந்தக் குழந்தை, எந்த நாள், எந்த வேளை என்ற பதிவு இருந்தால் போதும். ஹலால் இறைச்சியின் விலை கூடுதலாக இருப்பதால் மெய்யான செலவே அதிகம் என்று கருதுவோர், ரசீதுகளைப் பேணி மெய்ச்செலவைக் கழிக்கலாம். ஆனால் நம் சொந்தப் பிள்ளைகள் உண்பது தொழிற்செலவன்று. அரசின் உணவுத் திட்டத்திலிருந்து ஈட்டுத்தொகை பெறுபவர்கள் அதையும் கணக்கில் காட்ட வேண்டும்.

இவற்றையெல்லாம் கோருவது பேராசையாகாது. சட்டமே கொடுத்ததைப் பெறுவது நம் உரிமை. அளவில் மோசடி செய்வோரைக் கண்டிக்கும் அத்தியாயத்தின் தொடக்கத்தில் (83:1-3), தமக்கு வரவேண்டியதை நிறைவாக அளந்து வாங்கிக்கொண்டு, பிறருக்குக் கொடுக்கும்போது குறைப்பவர்கள் பழிக்கப்படுகிறார்கள். இரு பக்கமும் நிறைவாக அளப்பதே நேர்மை.

பிள்ளையின் கூலி யாருடையது?

இனி, பெரிதும் பேசப்படும் சலுகைக்கு வருவோம். பெற்றோர் தனியுரிமைத் தொழிலாக நடத்தும் காப்பகத்தில் 18 வயது நிறைவடையாத தம் பிள்ளையைப் பணியமர்த்தினால், அப்பிள்ளையின் கூலிக்குச் சமூகப் பாதுகாப்பு வரியும் மெடிகேர் வரியும் இல்லை. 21 வயது வரை கூட்டாட்சி வேலையின்மை வரியும் இல்லை. தொழிலை கார்ப்பரேஷனாக மாற்றிக்கொண்டவர்களுக்கு இவ்விலக்கு பொருந்தாது. பிள்ளைக்கு வேறு வருமானம் இல்லையெனில், நிலையான கழிவுத் தொகைக்குள் அடங்கும் கூலிக்கு வருமான வரியும் இராது. 2024ஆம் ஆண்டுக்கு அத்தொகை 14,600 டாலர். அது ஆண்டுதோறும் மாறுவது. கொடுக்கும் கூலியோ பெற்றோருக்குத் தொழிற்செலவாகிறது.

இதைக் கேட்டவுடன் சிலர் 14,600 டாலரையும் ஒரே வரியில் எழுதிவிடத் துடிக்கிறார்கள். கணக்கைச் சற்றுப் பார்ப்போம். மணிக்கு 12 டாலர் கூலி என்று வைத்துக்கொண்டால், அத்தொகைக்கு 1,216 மணி நேரம் உழைத்திருக்க வேண்டும். அதாவது பரீட்சை வாரம், நோன்புப் பெருநாள் வாரம் எதுவும் விடாமல், வாரத்துக்கு 23 மணி நேரம். பள்ளியில் பயிலும் எந்தப் பிள்ளை அப்படி உழைத்தது? மாறாக, 16 வயது மகன் வாரத்துக்கு 8 மணி நேரம், ஆண்டில் 40 வாரம், பொம்மைகளைக் கழுவி, தரையைத் துடைத்து, மறுநாள் பாடங்களுக்கான தாள்களை வெட்டி ஆயத்தம் செய்தால், அவனுக்கு உரியது 3,840 டாலர். இது உண்மை, இதை யார் முன்னிலையிலும் சொல்லலாம்.

சட்டம் கேட்பதும் இதைத்தான். வேலை மெய்யானதாக இருக்க வேண்டும். அது தொழிலுக்குத் தேவையானதாக இருக்க வேண்டும். கூலி, அவ்வேலைக்கு வெளியாருக்குக் கொடுக்கும் அளவை ஒத்திருக்க வேண்டும். அது கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். 1981இல் அமெரிக்க வரி நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கில், பெற்றோரின் தொழிலில் வேலை செய்த ஏழு வயதுப் பிள்ளைக்குக் கொடுத்த கூலியைக்கூட ஓரளவு ஏற்றுக்கொண்டது. உழைப்பின் மதிப்பை மீறியிருந்த பகுதியைத் தள்ளியது. வயது சிறிது என்பதற்காக மறுக்கவுமில்லை, பெற்றோர் எழுதிவிட்டார்கள் என்பதற்காக அப்படியே ஏற்கவுமில்லை.

தன் படுக்கையை மடிப்பதும், தன் தட்டைக் கழுவுவதும், தங்கையைப் பார்த்துக்கொள்வதும் குடும்பக் கடமைகள். அவற்றுக்குக் கூலி எழுத இயலாது. பிள்ளைக்கு நாம் அளிக்கும் உணவும் உறைவிடமும் நம் கடமை. அவற்றைக் கூலியில் கழிக்கவும் கூடாது. வேலை நேரத்தை எழுதும் தாள், பிள்ளையின் பெயரிலுள்ள வங்கிக் கணக்கு, அதில் செலுத்தப்பட்ட பணம், டபிள்யூ-4 படிவம், முதலாளியாக நாம் பெறும் அடையாள எண், ஜனவரி 31க்குள் கொடுக்க வேண்டிய டபிள்யூ-2 படிவம் ஆகியவை இருக்க வேண்டும். காப்பக உரிம விதிகளையும் மறக்கலாகாது. உதவியாளருக்குக் குறைந்தபட்ச வயது எவ்வளவு, குழந்தைகளின் எண்ணிக்கைக்கு எத்தனை வயதுவந்தோர் வேண்டும் என்பதை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே வகுத்துள்ளது. குழந்தைகளைத் தனியே பார்த்துக்கொள்ள ஒரு சிறுவனை நிறுத்திவிட்டு அதற்குக் கூலி எழுதுவது, வரிப் பிழையைவிடப் பெரிய பிழையாக முடியும்.

இவற்றையெல்லாம் நிறைவேற்றிய பிறகும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. மகனின் கணக்கில் செலுத்திய பணத்தை மறுவாரமே எடுத்து வீட்டு வாடகை கட்டினால் என்ன? பிள்ளையும் அவன் செல்வமும் தந்தைக்கே உரியன என்ற கருத்தில் நபிமொழி இருக்கிறதே என்று சிலர் வாதிடுகிறார்கள். அறிஞர்களில் பெரும்பான்மையோர் அதைத் தந்தையின் தேவையின்போது உதவும் கடமையாகவே விளங்கியுள்ளனர். முழு உடைமையாக அன்று. அதற்கான சான்று திருக்குர்ஆனிலேயே உள்ளது. பிள்ளை இறந்து, அவனுக்கும் பிள்ளை இருந்தால், பெற்றோர் ஒவ்வொருவருக்கும் ஆறில் ஒரு பங்கு என்று அல்லாஹ் வகுத்துள்ளான் (4:11). மகனின் செல்வம் முழுவதும் ஏற்கெனவே தந்தையுடையது என்றால், ஆறில் ஒன்றை வகுக்க வேண்டிய தேவை என்ன?

அதற்கும் மேலாக, இங்கே நாம் ஓர் ஒப்பந்தத்தில் நின்று பேசுகிறோம். "இது என் மகனின் கூலி" என்று எழுதிக் கையொப்பமிட்டுச் சலுகை பெற்றுவிட்டு, "இது என் பணம்" என்று எடுத்துக்கொள்வது, ஒரே பொருளை இரண்டு பெயரில் விற்பதற்கு நிகரானது. உழைப்பாளியின் வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுத்துவிடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தி இப்னு மாஜாவில் பதிவாகியுள்ளது. நம் வீட்டுப் பிள்ளை என்பதால் அவன் அந்த உழைப்பாளியின் இலக்கணத்திலிருந்து நீங்கிவிடுவதில்லை. தன் கூலி தன்னிடமே இருப்பதைக் காணும் பிள்ளை உழைப்பின் மதிப்பையும் பெற்றோரின் நேர்மையையும் ஒருசேரக் கற்கிறான். தன் பெயரில் பணம் வந்து போவதைக் காணும் பிள்ளையோ, பெரியவர்கள் எழுதும் காகிதங்கள் பொய் சொல்லும் என்பதைக் கற்கிறான். கல்லூரிச் செலவுக்கோ உம்ராவுக்கோ அவன் அதைச் சேமிக்கட்டும். பருவம் எய்திய பின் அச்செல்வம் நிஸாபை அடைந்து ஓராண்டு கடந்தால், அதற்குரிய ஜகாத்தும் அவன் கணக்கில் அவனே கொடுக்கட்டும்.

கணவன் மனைவிக்கிடையே

துணைவருக்குக் கூலி கொடுப்பதில் பலர் எதிர்பார்க்கும் வருமான வரி மிச்சம் இல்லை. இருவரும் சேர்ந்து ஒரே கணக்குத் தாக்கல் செய்யும்போது, ஒருவரிடம் கழியும் தொகை மற்றவரின் வருமானத்தில் சேர்ந்துவிடும். சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் வரிகளும் அக்கூலிக்கு உண்டு. வேலையின்மை வரிக்கு மட்டுமே விலக்கு. ஆகவே இங்கே கவனிக்க வேண்டியது வரியைவிட, பணி யார் பெயரில் பதிவாகிறது என்பதையே.

காப்பகத்தை நடத்துபவர் மனைவி. வரிக் கணக்கிலோ தொழில் கணவர் பெயரில். நம் குடும்பங்களில் இது புதிதன்று. அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்துக்கு 40 பணிப் புள்ளிகள் தேவை. ஆண்டுக்கு அதிகபட்சம் 4 புள்ளிகள். 2024இல் ஒரு புள்ளிக்கு 1,730 டாலர் வருமானம் போதுமானதாக இருந்தது. ஆக, பத்தாண்டுகள் தன் பெயரில் காப்பகம் நடத்திய பெண் தன் சொந்த உரிமையில் ஓய்வூதியம் பெறுவாள். அதே பத்தாண்டுகள் கணவர் பெயரில் எழுதப்பட்டால், ஏற்கெனவே புள்ளிகள் உள்ள அவருக்கே மேலும் சேரும். அவளுடைய பதிவு வெறுமையாக இருக்கும். நோயினால் உழைக்க இயலாமல் போகும்போது கிடைக்கும் உதவியும் பெரும்பாலும் ஒருவரது சொந்தப் பணிப்பதிவையே சார்ந்தது. ஆண்களுக்கு அவர்கள் சம்பாதித்ததில் பங்குண்டு, பெண்களுக்கு அவர்கள் சம்பாதித்ததில் பங்குண்டு என்ற இறைக் கட்டளையை (4:32) மேடைகளில் எடுத்துரைக்கும் நாம், நம் வீட்டு வரிப் படிவத்தில் அதைக் கடைப்பிடிக்க வேண்டாமா? இருவரும் சமமாக ஈடுபட்டு நடத்தினால், ஆளுக்கொரு ஷெட்யூல் சி படிவம் தாக்கல் செய்யும் வழியையும் சட்டம் திறந்து வைத்துள்ளது.

பாட்டிமாரும் விசாவும்

மற்றொரு செய்தியையும் தவறாமல் சொல்ல வேண்டும். ஊரிலிருந்து சுற்றுலா விசாவில் வரும் நன்னியோ வாப்பும்மாவோ பேரப்பிள்ளைகளைக் கொஞ்சலாம். காப்பகத்தில் பணியாளராக அவரை அமர்த்தவோ அவருக்குக் கூலி எழுதவோ கூடாது. எச்-4 விசாவிலுள்ள மனைவியர் பணி அனுமதி அட்டை பெற்றிருந்தால் மட்டுமே தொழில் நடத்தலாம். 2015 முதல் குறிப்பிட்ட தகுதியுள்ள எச்-1பி பணியாளர்களின் துணைவருக்கு அந்த அட்டை வழங்கப்படுகிறது. எச்-4 விசாவிலுள்ள பிள்ளைகளுக்கு அது இல்லை. சில நூறு டாலர் வரி மிச்சத்துக்காகக் குடும்பத்தின் குடியேற்ற உரிமையையே இடருக்கு உள்ளாக்குவது அறிவுடைமையாகாது.

நாம் செய்யத்தக்கவை

"வரியாகப் போகும் பணம் எப்படிச் செலவாகிறது தெரியுமா? அதற்கு நாம் ஏன் நேர்மையாக இருக்க வேண்டும்?" என்று கேட்போரும் நம்மிடையே உண்டு. அரசின் செலவுகளை எதிர்க்கவும் விமரிசிக்கவும் நமக்கு உரிமையுண்டு; அதற்கென வழிகள் உள்ளன. ஆனால் உண்மை என்று உறுதியளித்துக் கையொப்பமிட்ட தாளில் பொய்யை எழுத அது அனுமதியாகாது. உடன்படிக்கைகளை நிறைவேற்றுங்கள் என்ற கட்டளை (5:1) நமக்குப் பிடித்தவர்களுடன் செய்துகொண்டவற்றுக்கு மட்டும் உரியதன்று.

நம் பள்ளிவாசல்களும் ஜமாஅத்துகளும் ஜனவரி மாதத்திலேயே ஒரு தகுதிவாய்ந்த வரி ஆலோசகரை அழைத்து, காப்பகம் நடத்தும் சகோதரிகளுக்கென ஒரு வகுப்பு நடத்தினால் பெரும்பயன் விளையும். கணவர் சென்று கேட்டு வந்து மனைவியிடம் சொல்வதாக அது அமையக் கூடாது. தொழில் நடத்துபவரே அமர்ந்து கேட்க வேண்டும். வீட்டளவில் ஒரு நாட்குறிப்பு, தனியொரு வங்கிக் கணக்கு, ரசீதுகளுக்கு ஓர் உறை ஆகிய மூன்றும் இருந்தால் தொடக்கத்துக்குப் போதும். தாக்கல் செய்த பிறகு குறைந்தது 3 ஆண்டுகளேனும் அவற்றைப் பாதுகாக்க வேண்டும்.

நடந்ததை எழுதுவோம், எழுதியதைக் கொடுப்போம். உழைத்த மனைவியின் பெயர் கணக்கிலும், உழைத்த பிள்ளையின் கூலி அவன் கையிலும் இருக்கட்டும். அத்தகைய வீட்டில் ஈட்டும் சிறு பொருளிலும் வல்ல அல்லாஹ் பரக்கத்தை இறக்குவானாக!